கப்பல் பீங்கான் சேர்க்க வருகிறவர்களுக்கு: முதலில் தட்டைத் திருப்புங்கள்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு சூப் தட்டு இருக்கிறது. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கொடி. வெள்ளைத் துணி, வால் பிளந்தது, அதன் மேல் பெருக்கல் குறி போல சிவப்புப் பட்டை. அத்தை அதை ‘ராஜுலா தட்டு’ என்பார். தாத்தா நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு போன கப்பல் ராஜுலா. அதனால் வீட்டில் கொடி போட்ட தட்டு ஒன்று இருந்தால் அது ராஜுலா தட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது குடும்பத் தீர்ப்பு. ஒரு மழைநாளில் அலமாரியைத் துடைக்கும்போது அந்தத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஏதேதோ எழுத்து, எண், குழிந்த முத்திரை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், பதினைந்து வருடமாக விடவில்லை.

இந்தப் பைத்தியம் இப்போது சிலருக்குப் புதிதாகப் பிடிக்கிறது. கேட்கிறார்கள், எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது என்று. நான் பணம் தொலைத்துக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாம் தேடுவது லைனர்களின் பீங்கான். லைனர் என்றால் குறித்த தடத்தில், குறித்த நாளில் ஓடிய பயணிகள் கப்பல். பஸ் மாதிரி. சும்மா சுற்றிக் காட்டும் இன்றைய உல்லாசக் கப்பல் வேறு இனம். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததிலிருந்து, ஜெட் விமானம் வந்து பயணிகளை அள்ளிக்கொண்டு போன 1960கள் வரை, ஏறக்குறைய நூறு வருடம் இந்தக் கப்பல்கள் கடலை ஆண்டன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு, பெரியவற்றில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு முறை தேநீர். அதற்கான தட்டும் கோப்பையும்தான் நம் விஷயம்.

படி 1: ஒரே ஒரு கம்பெனியைப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, கப்பல் படம் போட்ட எதைக் கண்டாலும் வாங்குவது. ஆறு மாதத்தில் வீடு நிறைந்துவிடும், ஒன்றைப் பற்றியும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொடி, முத்திரை மாறிய ஆண்டுகள், அதற்குப் பீங்கான் செய்து கொடுத்த சூளைகள், இவை மூன்றும் மனப்பாடம் ஆகட்டும். பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

வடக்கு அட்லாண்டிக் பக்கம் போனால் குனார்ட், ஒயிட் ஸ்டார், பிரெஞ்சு லைன், ஜெர்மன் கம்பெனிகள் என்று வரிசை நீளும். புகழ் அதிகம், விலையும் அதிகம், போலியும் அதிகம். கிழக்குப் பக்கம் பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று ஓடியவை பி அண்ட் ஓ, ஓரியண்ட் லைன், பிப்பி லைன், பிரிட்டிஷ் இந்தியா. நம் பக்கத்தில் இருந்து ஆரம்பிக்கிறவருக்கு என் யோசனை இந்தக் கிழக்குக் கம்பெனிகள்தான். இவற்றின் சாமான்கள் நம் துறைமுகங்களிலேயே இறங்கின. விலை இன்னும் கைக்கு எட்டுகிறது. முக்கியமாக, போலி செய்கிறவனுக்கு இவற்றில் ஆர்வம் இல்லை.

பிரிட்டிஷ் இந்தியா என்றதும் நமக்கு வேறு நினைவும் வரும். 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் இந்தக் கம்பெனிக்கு எதிராகத்தான். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். அந்தக் கப்பல்களின் தட்டு என்று யாராவது உங்களிடம் ஒன்றை நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் இதுவரை நம்பும்படி ஒன்றையும் பார்த்ததில்லை.

படி 2: கொடியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கப்பல் தட்டில் பெரும்பாலும் கப்பலின் பெயர் இருக்காது. கம்பெனியின் பெயரோ, கொடியோ, முதலெழுத்துகளோதான் இருக்கும். காரணம் சிக்கனம். ஒரு கம்பெனிக்கு இருபது முப்பது கப்பல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் அச்சடித்தால், ஒரு கப்பலில் உடைந்ததை இன்னொரு கப்பலின் கையிருப்பிலிருந்து ஈடுகட்ட முடியாது. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. விதிவிலக்கு உண்டு, ஆனால் விதியைத் தெரிந்துகொண்ட பிறகு விதிவிலக்கைத் தேடலாம்.

அடிக்கடி கண்ணில் படுபவை இவை. ஒயிட் ஸ்டார்: வால் பிளந்த சிவப்புக் கொடி, நடுவில் ஐந்து முனை வெள்ளை நட்சத்திரம். குனார்ட்: பின்னங்காலில் நின்று முன்னங்காலில் உலக உருண்டையைப் பிடித்திருக்கும் சிங்கம். பி அண்ட் ஓ: மூலைக்கு மூலை கோடிழுத்து நான்காகப் பிரித்த கொடி, நீலம், வெள்ளை, சிவப்பு, மஞ்சள். அந்தக் கம்பெனி முதலில் போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் ஓடியது. முதல் இரண்டு நிறம் போர்ச்சுகல் அரச குடும்பத்துடையது, மற்ற இரண்டு ஸ்பெயினுடையது. சில தட்டுகளில் கொடிக்குப் பதிலாக உதயசூரியன் இருக்கும். அதுவும் பி அண்ட் ஓவின் சின்னம்தான், நம் ஊர்க் கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முத்திரையிலிருந்தே வயதைப் பிடிக்க முடிகிற இடங்கள் சில இருக்கின்றன. அவைதான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி. குனார்டும் ஒயிட் ஸ்டாரும் 1934ல் இணைந்தன. எனவே ‘குனார்ட் ஒயிட் ஸ்டார்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் தட்டு 1934க்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. 1950 வாக்கில் அந்தப் பெயரும் மறைந்து பழையபடி குனார்ட் மட்டும் ஆகிவிட்டது. அதே மாதிரி ‘பி அண்ட் ஓ–ஓரியண்ட்’ என்று இருந்தால் 1960களின் முன்பாதி. ஓரியானா, கான்பெரா என்ற கப்பல்கள் ஓடத் தொடங்கிய காலம். இப்படி ஒரு தட்டைப் பார்த்துப் பத்து வருடத்துக்குள் அதன் வயதைச் சொல்ல முடிகிற நாளில் நீங்கள் புதியவர் இல்லை.

படி 3: திருப்புங்கள்

முன்பக்கம் கப்பல் கம்பெனி சொல்கிற கதை. பின்பக்கம் சூளைக்காரன் எழுதிய கணக்கு. எனக்குக் கணக்கில்தான் நம்பிக்கை.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக் கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வது. நகைத்தொழில் சாமான் விற்கிற கடைகளில் மலிவாகவே கிடைக்கும். அதோடு பகல் வெளிச்சம். கடைக்குள் குழல்விளக்கின் கீழ் பார்த்து வாங்கியவை எல்லாம் எனக்கு வீட்டில் வேறு தட்டாக மாறியிருக்கின்றன.

அடியில் முதலில் தேட வேண்டியது ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருக்கிறதா என்று. அமெரிக்கா 1890ல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று. அது 1891லிருந்து நடைமுறைக்கு வந்தது. அதனால் ‘இங்கிலாந்து’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பின். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுசாக இருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ‘போன் சைனா’ (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்) என்ற சொல்லே அச்சாகியிருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து ‘ஆர்.டி. நம்பர்’ என்று தொடங்கும் எண். இது வடிவமைப்பைப் பதிவு செய்த எண். 1884ல் ஒன்றிலிருந்து தொடங்கி ஏறிக்கொண்டே போனது. 1900 தொடங்கும்போது மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒயிட் ஸ்டார் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் வாயில் நிற்கும் எண் 117214. பழுப்பும் நீலப்பச்சையும் கலந்த கொடிப்பூ வேலைப்பாடு, முதல் வகுப்பு மேசைக்கானது. அந்த எண் 1889ஐச் சேர்ந்தது. இங்கே ஒரு குழி இருக்கிறது, நானும் விழுந்தேன். 1889 என்பது வடிவம் பதிவான ஆண்டு. தட்டு செய்த ஆண்டு இல்லை. அதே வடிவத்தை அந்தக் கம்பெனி இருபது வருடத்துக்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணைக் காட்டி ‘1889ம் வருடத்துத் தட்டு சார்’ என்கிறவர் பாதிதான் சொல்கிறார்.

அந்தத் தட்டுகளின் அடியில் ‘ஸ்டோனியர் அண்ட் கோ, லிவர்பூல்’ என்றும் இருக்கும். ஸ்டோனியர் சூளை வைத்திருந்தவர் இல்லை, வியாபாரி. சூளைகளில் சொல்லிச் செய்யவைத்துக் கப்பல் கம்பெனிகளுக்குக் கொடுத்தவர். அடியில் இருக்கும் பெயர் எல்லாம் செய்தவன் பெயர் இல்லை என்பதை இதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். சில தட்டில் இரண்டு பெயரும் இருக்கும், ஒன்று அச்சில், ஒன்று குழிவாக.

அந்தக் குழிவு முத்திரையைத்தான் நான் அதிகம் தேடுவேன். மெருகு, அதாவது மேலே கண்ணாடி மாதிரி மின்னும் பூச்சு, போடுவதற்கு முன், களிமண் ஈரமாக இருக்கும்போதே அழுத்தியது. அச்சை அழித்து வேறு அச்சு ஒட்டலாம், குழிவை என்ன செய்ய முடியும்? கோப்லாண்ட் சூளையின் சாமானில் ஓர் எழுத்தும் அதன் கீழே இரண்டு இலக்கமும் குழிந்திருக்கும். எழுத்து மாதம், இலக்கம் ஆண்டின் கடைசி இரண்டு எண். கண்ணுக்குத் தெரியாது. தட்டைச் சாய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து எழும்பி வரும். மின்டன் சூளை ஆண்டுக்கு ஒரு சின்னம் வைத்தது, 1842லிருந்து நூறு வருடத்துக்கு. இந்தப் பட்டியல்கள் பீங்கான் முத்திரைப் புத்தகங்களில் கிடைக்கும். ஒன்றை வாங்கிவிடுங்கள், முதல் தட்டு வாங்குமுன் வாங்குங்கள்.

படி 4: டைட்டானிக் ஆசையை இப்போதே தீர்த்துக்கொள்வோம்

எல்லோரும் கேட்பது இதுதான், ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒயிட் ஸ்டார் கம்பெனியின் டைட்டானிக்கில் ஏற்றிய பீங்கான் 57,600 உருப்படி. அதில் சாப்பாட்டுத் தட்டு மட்டும் 12,000. 1912 ஏப்ரல் 10ஆம் தேதி சவுத்ஹாம்டனில் கிளம்பி, 15ஆம் தேதி விடியுமுன் மூழ்கியது. ஐந்து நாள் புழங்கிய தட்டுகள், கப்பலோடு ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டன. அதன் அக்கா ஒலிம்பிக் 1911லிருந்து 1935 வரை இருபத்து நான்கு வருடம் ஓடியது, அதே கம்பெனி முத்திரைத் தட்டுகளோடு. உடைக்கப் போகுமுன் அதன் உள்ளலங்காரத்தை ஏலம் விட்டார்கள். இங்கிலாந்தில் ஆல்ன்விக் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தின் மரவேலைப்பாடு இன்றும் ஒலிம்பிக்கினுடையதுதான். இப்போது சொல்லுங்கள், கரையில் கிடைக்கும் ஒயிட் ஸ்டார் தட்டு எந்தக் கப்பலில் இருந்து வந்திருக்கும்? கடலடியில் இருந்து எடுத்தவை நீதிமன்றக் கட்டுப்பாட்டில் கண்காட்சிகளில் இருக்கின்றன, சில்லறையாகச் சந்தைக்கு வருவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஏமாந்தேன். இணையத்தில் ஒருவர் கோப்பை ஒன்று வைத்திருந்தார். சிவப்புக் கொடி, வெள்ளை நட்சத்திரம், கீழே ‘ஆர்.எம்.எஸ். டைட்டானிக்’ என்று தெளிவாக. மூன்றாம் வகுப்புக் கோப்பை, பாட்டனார் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று கதை. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பெட்டியைப் பிரித்ததுமே மனசு சொல்லிவிட்டது, ஆனால் கை ஒப்புக்கொள்ளவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டேன். நூறு வருடப் பழுப்பு தண்ணீரில் இறங்கி, கடைத் தேநீர் நிறத்தில் நின்றது. தேயிலைச் சாயம்தான். கொடியின் ஓரத்தை நகத்தால் தடவினால் படி மாதிரித் தட்டியது, மெருகுக்கு மேலே ஒட்டிய படம். அடிவளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. புழங்கிய கோப்பை மேசையில் ஆயிரம் முறை நகர்ந்திருக்கும். மெருகில்லாத அந்த வளையம் சாம்பல் பூத்து வழவழப்பாகியிருக்க வேண்டும். இது மாவுக்கல் மாதிரி வெள்ளையாக, சொரசொரவென்று இருந்தது. அந்தக் கோப்பையில் இப்போது பேனா வைத்திருக்கிறேன்.

ஆகவே, கப்பல் பெயர் போட்ட கம்பெனித் தட்டு கண்டால் முதலில் சந்தேகம். எந்தக் கப்பலின் பெயருக்காகவும் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள், எழுத்தில் ஆதாரம் இருந்தாலொழிய. கம்பெனிக்குக் காசு கொடுங்கள், காலத்துக்குக் கொடுங்கள், வேலைப்பாட்டுக்குக் கொடுங்கள்.

படி 5: தட்டின் உடம்பைச் சோதியுங்கள்

பொங்கல் பானை வாங்கும்போது விரல் மூட்டால் தட்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான். தட்டை மூன்று விரல் நுனியில் ஏந்தி, ஓரத்தில் நகத்தால் சுண்டினால் மணிச்சத்தம் வர வேண்டும். ‘டப்’ என்றால் எங்கோ விரிசல். ஆனால் சாதாரண மண் பீங்கானுக்கு இயல்பிலேயே சத்தம் மந்தம். போன் சைனாவை எதிர்பார்க்கிற மாதிரி அதை எதிர்பார்க்கக் கூடாது. போன் சைனாவா என்று தெரிய வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னால் விரலை ஆட்டுங்கள், நிழல் தெரியும். களிமண்ணில் பாதியளவு எலும்புச் சாம்பல் கலந்து செய்வதால் வரும் ஊடொளி அது. முதல் வகுப்பு மேசையில் அது. மூன்றாம் வகுப்பில் சுட்டு இறுகிய தடித்த பீங்கான், ஓரம் உருட்டிவிட்டது, கையில் எடுத்தால் கருங்கல். உடையாத காரணத்தால் அதுதான் அதிகம் மிஞ்சியிருக்க வேண்டும் என்று நினைப்போம். நடந்தது தலைகீழ். அழகானதைப் பத்திரப்படுத்தினார்கள், முரட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டார்கள். எனவே நல்ல மூன்றாம் வகுப்புத் தட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

மயிரிழை விரிசல், ஓரத்தில் பெயர்ந்த சில்லு, மெருகில் சிலந்திவலை போன்ற கோடுகள், இவை மூன்றும் வெவ்வேறு. சிலந்திவலை வயதால் வருவது, விலை குறையும், தட்டு செத்துவிடாது. மயிரிழை விரிசல் இன்று இல்லாவிட்டால் நாளை இரண்டாகும். பெயர்ந்த சில்லைச் சிலர் பசையும் வண்ணமும் வைத்து மறைத்திருப்பார்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் அந்த ஒட்டு மட்டும் தனி நிறத்தில் மினுங்கும். வாங்குகிற தட்டு விலை கூடியதென்றால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. கப்பலுக்கென்றே யோசித்துச் செய்த சாமானைத் தேடுங்கள். அகன்ற அடி, கனமெல்லாம் அடிப்பக்கம், ஆட்டத்தில் கவிழாமல் இருக்க. கடல் கொந்தளிக்கும்போது மேசை ஓரத்தில் மரச்சட்டம் தூக்கிவிடுவார்கள், மேசைவிரிப்பில் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள், தட்டு வழுக்காது. இரண்டு பக்கமும் காது வைத்த கோப்பை கண்டால் தேநீர்க் கோப்பை என்று நினைக்க வேண்டாம். மேல்தளத்தில் கம்பளி போர்த்திச் சாய்ந்திருப்பவர்களுக்குக் காலை பதினொரு மணிக்குச் சுடச்சுட மாட்டிறைச்சிச் சாறு கொடுப்பது வழக்கம், அதற்கானது. டைட்டானிக்கில் மட்டும் இவை 3,000 இருந்தன.

எனக்குப் பிடித்தது குனார்டின் சதுர டீப்பாட். சதுரம் என்றால் பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே கனசதுரம், பெரிய பகடைக்காய் மாதிரி. 1917ல் ராபர்ட் கிராஃபர்ட் ஜான்சன் என்பவர் பதிவு செய்த வடிவம். மூக்கு வெளியே நீளாது, ஒரு மூலையை அப்படியே கிள்ளி எடுத்த மாதிரி இருக்கும். பிடியும் எதிர் மூலைக்குள்ளேயே குடைந்திருக்கும். மூக்கு உடைய வழியில்லை, கவிழ வழியில்லை, சமையற்கட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். குவீன் மேரியில் இருந்தது, குவீன் எலிசபெத் 2 வரைக்கும் வந்தது. ஊற்றும்போது கை பழகக் கொஞ்சம் நாளாகும், எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் ஒரு பொருளைப் பார்த்தே ‘இது ஆடுகிற வீட்டில் பிறந்தது’ என்று தெரிய வேண்டுமென்றால் அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

படி 6: எங்கே தேடுவது

இங்கிலாந்தின் ஏல நிறுவனங்கள் கடல்சார் பொருளுக்கென்றே தனி ஏலம் நடத்துகின்றன. விவரக்குறிப்பு நன்றாக இருக்கும், விலையும் நன்றாக இருக்கும். ஏலத்தொகைக்கு மேல் அவர்கள் கமிஷன், பிறகு தபால், பிறகு நம் சுங்கம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள். அனுப்புகிறவரிடம் இரட்டைப் பெட்டி கேளுங்கள். கோப்பையின் காதுக்குத் தனியாகச் சுற்றுத்துணி. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நான் இழந்த காதுகள் மூன்று.

நம் பக்கத்தில் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா, மலாயாவிலிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்த எனாமல் சாமானும் பீங்கானும் குவிந்து கிடக்கும். கப்பல் தட்டு அங்கே தனியாகக் கேட்டால் கிடைக்காது. கேட்ட நொடியில் விலை ஏறும், அதுவேறு. பேசாமல் அடுக்குகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். ஒருநாள் முழுக்கத் திருப்பிக் கை அழுக்கானதுதான் மிச்சம் என்று திரும்பிய நாள்கள் உண்டு. நானூறு ரூபாய்க்கு ஓரியண்ட் லைன் சாசர் எடுத்த நாளும் உண்டு.

குஜராத்தில் பாவ்நகர் பக்கம் அலங். 1983லிருந்து உலகத்துக் கப்பலெல்லாம் உடைபட வருகிற கரை. அங்கே போகும் சாலை நெடுகக் கப்பலில் கழற்றிய கட்டில், கடிகாரம், பீங்கான் விற்கும் கடைகள். 1962ல் பயணம் தொடங்கிய ‘பிரான்ஸ்’ என்ற அழகி, நார்வே என்று பெயர் மாறி, கடைசியில் 2006ல் அங்கேதான் கரையேறினாள். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி சரக்குக் கப்பல் சாமான், இல்லாவிட்டால் அண்மைக்கால உல்லாசக் கப்பல் சாமான். நூறு ரூபாய்த் தட்டில் பழகிக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம்.

கடலடியில் எடுத்தது என்று விற்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. பிரிட்டன் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எதை எடுத்தாலும் அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தக் காகிதம் கேட்டால் பெரும்பாலானவர் பேச்சை மாற்றுவார்கள். நம் சட்டமும் ஒன்று தெரிந்திருக்கட்டும். நூறு வயது கடந்த பழம்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வாங்கியதை வெளிநாட்டு நண்பருடன் மாற்றிக்கொள்ள நினைத்தால் முதலில் தொல்லியல் துறையிடம் சான்று கேளுங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

பிளாஸ்டிக் தொட்டி, அடியில் துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு. ஒரு நேரத்தில் ஒரு தட்டு. புளி, சாம்பல், தேங்காய்நார் எதுவும் கிட்டே வரக்கூடாது. பித்தளைக்கு நல்லது தங்கரேக்குக்கு எமன். என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா பளபளப்பாக்கித் தருகிறேன் என்று ஒரு சாசரின் தங்க விளிம்பை முழுக்கத் துடைத்தெடுத்தார். அவர் மேல் தப்பில்லை, நான் அதை ஊறவைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ப்ளீச்சும் வேண்டாம். மெருகுக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும்.

சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பி விற்கிறார்கள். கடற்கரை ஊரில் அது ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து விளிம்பில் பழுப்புக் கோடு போடும். கம்பியின் நுனிக்கு ரப்பர் உறை போடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தி வைக்கிற மரத்தாங்கி. அடுக்கி வைப்பதானால் நடுவில் ஃபெல்ட் துணி. செய்தித்தாள் வைத்தால் மை ஏறும். கோப்பையைக் காதைப் பிடித்துத் தூக்காதீர்கள், நூறு வருடத்துக்கு முன் எவனோ ஒட்டிய காது அது.

அதில் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. புளிக்குழம்பு அதை இழுத்துக்கொண்டு வரும்.

படி 8: நோட்டுப் போடுங்கள்

வாங்கிய அன்றே எழுதிவிட வேண்டும். எங்கே, எவ்வளவு, அளவு, எடை, அடியில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும், எங்கே சில்லு. விற்றவர் சொன்ன கதைக்குத் தனிப் பத்தி, நாமே பார்த்து உறுதி செய்ததற்குத் தனிப் பத்தி. இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே எது எது என்று தெரியாது.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அத்தையின் தட்டு. அதிலுள்ள கொடி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது, ராஜுலாவும் அந்தக் கம்பெனிக் கப்பல்தான். ராஜுலா 1926ல் கிளாஸ்கோவில் கட்டியது. ஐயாயிரத்துக்கும் மேல் டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது, சென்னையும் நாகையும் பினாங்கும் சிங்கப்பூருமாக 1973 வரை ஓடியது. தாத்தா போனதும் டெக்கில் பாய் விரித்துத்தான். மேல்வகுப்புப் பயணிகளின் சாப்பாட்டு மேசைப் பக்கம் அவர் போயிருக்க வழியில்லை. தட்டின் அடியில் சூளைப் பெயரும் ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் இருக்கின்றன, கப்பல் பெயர் இல்லை. ‘உறுதி செய்தது’ என்ற பத்தியில் நான் எழுதியிருப்பது: பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, சூப் தட்டு, 1891க்குப் பின், கப்பல் தெரியாது. அதற்கு எதிரே, கதைப் பத்தியில், அத்தை சொல்லச் சொல்ல எழுதியது இரண்டு பக்கம் நிறைந்திருக்கிறது. ‘கப்பல் தெரியாது’ என்பதைப் படித்துக் காட்டியதிலிருந்து அவர் என்னிடம் அந்தத் தட்டைத் துடைக்கக் கொடுப்பதில்லை.